பத்து, ஒன்பது, எட்டு

புதுச்சேரி ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் கண்ணில் படும் எண்தான்: 1098, குழந்தைகளுக்கான உதவி எண். பள்ளிக்கூடச் சுவர்களிலும் அது இருக்கும். பெரியவர்கள் ‘ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு’ என்று படிப்பார்கள், இல்லாவிட்டால் ‘டென் நைன்ட்டி எய்ட்’ என்பார்கள். பிள்ளைகள் படிப்பது வேறு மாதிரி: பத்து, ஒன்பது, எட்டு. ஒளிந்து விளையாடும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு தலைகீழாக எண்ணுவார்களே, அதைப்போல. பிள்ளைகள் படிப்பதுதான் சரி. அந்த எண் பிறந்ததே அப்படித்தான்.

1990களின் தொடக்கம். பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியையாக இருந்தார் ஜெரூ பிலிமோரியா. ரயில் நிலையங்களிலும் இரவுத் தங்குமிடங்களிலும் இருந்த தெருப்பிள்ளைகளோடு பழகியவர். ஏதாவது அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார். கூப்பிட்டார்கள், பெரும்பாலும் ராத்திரியில். காய்ச்சலில் ஒருவன் பிதற்றுகிறான், அடிபட்டு ஒருவன் கிடக்கிறான், ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பகலில் அலுவலகங்கள் திறந்திருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது அலுவலகம் பூட்டிய பிறகு. இதை அவருக்கு எந்த ஆய்வறிக்கையும் சொல்லவில்லை, அந்த ராத்திரி அழைப்புகள்தான் சொல்லின.

ஒரு வீட்டு எண் எத்தனை பேருக்குப் போதும்? காசு போடாமல் பேசக்கூடிய, இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கக்கூடிய ஓர் எண் வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையிடம் நடையாய் நடந்தார்கள். எழுத்தும் எண்ணும் தெரியாத பிள்ளையின் மனதிலும் நிற்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். ‘தஸ், நௌ, ஆட்’ என்று இந்தியில் சொல்லிப் பார்த்த பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. பாட்டுப்போல வாயில் வந்தது, எழுதி வைக்கத் தேவையில்லை. 1996 ஜூனில் சைல்டுலைன் என்ற பெயரில் அது பம்பாயில் தொடங்கியபோது, அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தப்போகும் ஒரு சேவையின் பெயர்ப்பலகை பிள்ளைகளின் நாக்கில் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது.

அந்த முதல் ஆண்டுகளைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஒன்று, பேசாத அழைப்புகள். மணி அடிக்கும், எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும். சைல்டுலைன் அவற்றைத் தவறான அழைப்பு என்று தள்ளவில்லை, ‘மௌன அழைப்புகள்’ என்று தனியாகக் கணக்கு வைத்தது. கேட்க ஆள் இருக்கிறதா என்று ஒரு பிள்ளை முதலில் சோதித்துப் பார்க்கும், பிறகுதான் வாய் திறக்கும். இன்னொன்று, பிள்ளைகள் கூடி உட்காரும் திறந்த கூட்டங்கள். யார் உடனே வந்தார்கள், யார் வரவில்லை, யார் அதட்டினார்கள் என்று அந்தச் சேவையைப் பற்றிப் பிள்ளைகளே அங்கே பேசலாம். தன்னைக் காப்பாற்ற வந்தவரைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது. நம் நாட்டில் இது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல.

இனி, அந்த எண்ணின் அண்ணன் முறைக்காரர் கதைக்கு வருகிறேன்: குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம். அது பிறந்தது நார்வேயில். 1981 மார்ச் 6 அன்று நிறைவேறிய ஒரு சட்டம், குழந்தைகளுக்காகப் பேசுவதையே வேலையாகக் கொண்ட ஓர் அரசுப் பதவியை உண்டாக்கியது. உலகிலேயே முதன்முறை. உளவியலாளர் மால்ஃப்ரிட் ஃபிளெக்கோய் அந்த நாற்காலியில் 1989 வரை இருந்தார். பெற்றோர் இருக்கும்போது பிள்ளைக்குத் தனியாக ஒரு வக்காலத்து எதற்கு என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. நம் ஊர்த் திண்ணையிலும் அதே கேள்விதான் வரும்.

வேல்ஸ் நாட்டின் கதை என்னை அதிகம் உலுக்கியது. அதன் வட பகுதியில் அரசுப் பொறுப்பில் இருந்த குழந்தை இல்லங்களில் 1974 முதல் நடந்த கொடுமைகளை நீதிபதி ரொனால்ட் வாட்டர்ஹவுஸ் விசாரித்து 2000 பிப்ரவரியில் அறிக்கை தந்தார். பல பிள்ளைகள் அன்றைக்கே சொல்லியிருந்தார்கள், நம்பத்தான் ஆள் இல்லை. குழந்தைகளுக்கென்று தனி ஆணையர் வேண்டும் என்பது அந்த அறிக்கையின் பரிந்துரை. 2001இல் பீட்டர் கிளார்க் முதல் ஆணையரானார். அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள்: விண்ணப்பித்தவர்களைப் பெரியவர்கள் நேர்காணல் செய்தார்கள், சிறுவர் சிறுமியரும் செய்தார்கள். சொன்னதை நம்பாத நாடு, தனக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பிறகு, ‘உங்களுக்காகப் பேசப்போகிறவரை நீங்களே கேள்வி கேட்டுப் பாருங்கள்’ என்று பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்தது.

நம் நாட்டு ஆணையம் சட்டப் புத்தகத்தின் வழியே வந்தது. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எந்தக் காரியத்திலும் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. 2005ஆம் ஆண்டின் ஆணையங்கள் சட்டத்தின்படி 2007 மார்ச்சில் தேசிய ஆணையம் அமைந்தது. கூலிக்குப் போன பிள்ளைகளை அன்றைய ஆந்திரக் கிராமங்களில் பள்ளிக்குத் திருப்பிய சாந்தா சின்ஹா முதல் தலைவர். மாநிலங்களுக்கும் தனித்தனி ஆணையம், அந்த வரிசையில் புதுச்சேரிக்கும் ஒன்று. புகார் வாங்கலாம், தானாகவே வழக்கை எடுத்து விசாரிக்கலாம், உரிமையியல் நீதிமன்றத்தைப்போல ஆட்களை வரவழைக்கலாம், சிறுவர் இல்லங்களுக்குள் போய்ப் பார்க்கலாம். தண்டிக்க முடியாது, அரசுக்குப் பரிந்துரைக்கலாம், உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம்.

அந்தச் சட்டத்தை நிதானமாகப் படித்தேன். தலைவர் ஒருவர், உறுப்பினர் ஆறு பேர். குறைந்தது இரண்டு பேர் பெண்கள். கல்வி, நலவாழ்வு, சிறார் நீதி, குழந்தைத் தொழிலாளர், உளவியல், சட்டம் என்று உறுப்பினர்கள் வர வேண்டிய துறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தலைவருக்கு 65, உறுப்பினருக்கு 60 என்று வயதுக்கு மேல்வரம்பும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் யாரைப் போடலாம் என்று ஒரு வார்த்தை கேட்கும்படி எழுதிய இடத்தைத் தேடினேன், அகப்படவில்லை. கெட்ட எண்ணத்தால் விட்டுப்போனது என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்லது செய்யும்போது பிள்ளைகளைக் கேட்பது நம் வீடுகளிலேயே வழக்கமில்லை. அதே பழக்கம்தான் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.

புதுச்சேரியில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது, அதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம். ஒரே ஆணையம், நான்கு ஊர். காரைக்கால் தஞ்சைப் பக்கம், மாஹே கேரளக் கடற்கரையில், ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில். கடைசி இரண்டும் இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஏனாமில் ஒரு பெண்ணுக்குப் பள்ளியில் அநியாயம் நடந்தால், அவள் தெலுங்கில் அழுவாள், மாஹே பையன் மலையாளத்தில். தலைநகரில் இருந்துகொண்டு அந்த அழுகையைக் காகிதத்தில்தான் கேட்க முடியும். காகிதத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஏற்கெனவே பாதிப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லலாம்.

2024 மார்ச்சில் புதுச்சேரி நகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஊரே தெருவுக்கு வந்தது. அந்த நாட்களில் கண்காணிப்புக் கேமரா பற்றியும் கஞ்சா பற்றியும் பேசாத பெரியவர் இல்லை. எந்தச் சந்தில் நடக்கப் பயமாக இருக்கிறது, எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறார்கள், வீட்டில் சொன்னால் யார் திட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவளுடைய வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வரைபடம் எந்தக் காவல் நிலையத்திலும் இல்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆணையம் என்ற ஒன்று பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட பிரான்ஸ் 2000இல்தான் குழந்தைகளுக்கான காப்பாளர் பதவியை உண்டாக்கியது. பத்திரிகையாளர் கிளேர் பிரிசே முதலில் அமர்ந்தார். 2011இல் அதைப் பெரிய உரிமைக் காப்பாளர் அமைப்பு ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ஐ.நா. உடன்படிக்கையின் முப்பதாம் ஆண்டையொட்டி அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் உட்கார்ந்து கருத்துக் கேட்டார்கள். இல்லங்களில் வளர்பவர்கள், உடல் குறையுள்ளவர்கள் எல்லோரும் அதில் உண்டு. நான்கு ஊருக்கும் நான்கு நாள் போனால் புதுச்சேரியில் அதைச் செய்துவிடலாம். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஊருக்கு இரண்டு பிள்ளைகளை எதிரே உட்கார வைக்கலாம். சட்டம் அதைச் செய் என்று சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

2023 முதல் 1098ஐ மாநில அரசுகளும் ஒன்றியப் பகுதிகளும் நேரடியாக நடத்துகின்றன, அவசர எண் 112உடன் இணைத்து. எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை. ‘குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம்’ என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்ல ஏழு வயதுப் பிள்ளைக்கு முடியாது. பம்பாய்ப் பிள்ளைகள் இந்தியில் சொல்லிப் பார்த்த அந்த எண்ணோ காரைக்காலில் பத்து, ஒன்பது, எட்டு. மாஹேயில் பத்து, ஒம்பது, எட்டு. ஏனாமில் பதி, தொம்மிதி, எனிமிதி. புதுச்சேரியின் துமா வீதியில் பிரெஞ்சு படிக்கும், பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ தாத்தாவின் பேத்திக்கு, தீஸ், நெஃப், உயித்.