ஜப்பான் விட்ட 'ஃபீலர்'

இருட்டில் கரப்பான் பூச்சி நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பு பின்னால் நிற்கும், மீசை இரண்டும் முன்னால் போய்த் துழாவும். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் கால் நகரும். அந்த மீசைக்கு ஆங்கிலத்தில் 'ஃபீலர்' என்று பெயர். அடுத்தவர் மனதில் இருப்பதை நேராகக் கேட்காமல் ஜாடையாக விசாரித்து அறிவதையும் 'ஃபீலர் விடுவது' என்றே சொல்கிறார்கள்.

தமிழில் இதை நாடி பிடித்துப் பார்ப்பது, ஆழம் பார்ப்பது என்போம். முறையாகப் பெண் கேட்டுப் போவதற்கு முன்னால் யாராவது ஒரு மாமா மூலம் காதில் போட்டு வைப்பார்களே, அதேதான். சம்மதம் என்றால் பேச்சு தொடரும். இல்லையென்றால் யாரும் கேட்கவும் இல்லை, யாரும் மறுக்கவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் மானம் தப்பும்.

போரில் இருக்கும் நாடுகளும் இப்படித்தான் சமாதானத்துக்கு ஆழம் பார்க்கும். அப்படி விட்ட ஃபீலர் ஒன்று படுதோல்வி அடைந்தது 1945-ல்.

அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. ஜப்பான் தனியாக நின்றது. அமெரிக்காவும் பிரிட்டனும் கேட்டது நிபந்தனையற்ற சரணாகதி. அவர்களிடம் நேராகப் பேச மனமில்லாத டோக்கியோ, இன்னும் தன்னோடு போரில் இறங்காத சோவியத் யூனியன் பக்கம் திரும்பியது. ஜூன் தொடக்கத்தில் முன்னாள் பிரதமர் ஹிரோட்டா, ஹக்கோனே மலையில் தங்கியிருந்த சோவியத் தூதர் மாலிக்கைத் தற்செயலாகப் பார்க்க வந்தவர் போலப் போய்ச் சந்தித்தார். மாதக் கடைசியில் பேச்சு மஞ்சூரியா, மீன்பிடி உரிமை, எண்ணெய் என்று வளர்ந்தது. அதன் பிறகு மாலிக்குக்கு 'உடம்பு சரியில்லாமல்' போய்விட்டது!

ஜூலை 12-ல் வெளியுறவு அமைச்சர் டோகோ மாஸ்கோவில் இருந்த தன் தூதர் சாட்டோவுக்குத் தந்தி அடித்தார். பேரரசர் போர் முடிய விரும்புகிறார், இளவரசர் கொனோயேவைத் தூது அனுப்ப அனுமதி கேளுங்கள் என்பது சாரம். எந்த நிபந்தனையில் சமாதானம் என்பது மட்டும் அதில் இல்லை. டோக்கியோவில் தளபதிகளும் அமைச்சர்களும் அதில் ஒத்துப்போகவே இல்லையே, எப்படி எழுதுவது? சாட்டோ நேர்மையான மனிதர். திட்டவட்டமாக ஏதும் இல்லாமல் அழகான வார்த்தைகளை மட்டும் கொண்டுபோனால் ரஷ்யர்கள் அசையமாட்டார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஜூலை 18-ல் சோவியத் தரப்பும் அதையே பதிலாகச் சொன்னது: தூதின் நோக்கம் தெளிவாக இல்லை. ஜூலை 21-ல் டோகோ மறுபடி எழுதினார். நிபந்தனையற்ற சரணாகதி முடியாது, நிபந்தனைகளை இப்போது சொல்லவும் முடியாது!

இத்தனை ரகசியமாகப் போன தந்திகளை அமெரிக்கா சங்கேதத்தை உடைத்து உடனுக்குடன் படித்துக்கொண்டிருந்தது. ஸ்டாலினோ, ஜெர்மனி வீழ்ந்த இரண்டு மூன்று மாதங்களில் ஜப்பான் மீது போர் தொடுப்பதாகப் பிப்ரவரியிலேயே யால்டாவில் வாக்குக் கொடுத்திருந்தார். பாட்ஸ்டாமில் அவர் ஜப்பானின் வேண்டுகோளை ட்ரூமனிடம் சொல்லி, பிடிகொடுக்காத பதில் தரலாமா என்று யோசனை கேட்டார். ட்ரூமன் சரி என்றார். ஃபீலர் நீண்டது ஒரு மூடிய கதவை நோக்கி.

ஜப்பான் சரணடையத் தயாராகவே இருந்தது, தந்திகளே சாட்சி என்று வாதிடுவோர் உண்டு. தந்திகளைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. போரை முடிக்கும் ஆசை தெரிகிறது, எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு தெரியவில்லை. மாமாவை அனுப்பியவர்களுக்கே என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்?

விலைதான் கொடூரமானது. ஜூலை 26-ல் பாட்ஸ்டாம் பிரகடனம் வந்தபோது மாஸ்கோவின் பதில் வரட்டும் என்று டோக்கியோ காத்திருந்தது. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. 8-ம் தேதி மாலை, கொனோயே பயணத்துக்குப் பதில் கிடைக்கும் என்று நம்பி மொலோடோவைப் பார்க்கப் போன சாட்டோவிடம் போர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. மறுநாள் நாகசாகி. ஆகஸ்ட் 10-ல் டோக்கியோவில் டோகோவைச் சந்தித்து அந்தப் போர் அறிவிப்பை முறைப்படி ஒப்படைத்தவர், உடம்பு சரியில்லாதிருந்த அதே மாலிக்.