ஆறடி பெல்ட்டும் நம் கால் மிஷினும்



நம் கூட்டமைப்பின் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டமைப்பு எப்படித் தொடங்கியது, எத்தனை குழுக்கள், எவ்வளவு சேமிப்பு என்பதையெல்லாம் தலைவியும் செயலாளரும் எழுதுவார்கள். நான் முப்பது வருஷமாகக் கால் மிஷினில் தைத்துப் பிழைப்பவள். அதனால் எனக்குத் தெரிந்த மிஷின் பெல்ட்டைப் பற்றி எழுதுகிறேன். "பெல்ட்டுக்கு ஏதுக்கா வரலாறு?" என்று எங்கள் குழுவிலேயே சிரித்தார்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மிஷின் வந்த வழி

தையல் மிஷினை ஒரே ஆள் கண்டுபிடித்துவிடவில்லை. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் ஒரு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஐசக் சிங்கர் 1851-ல் தன்னுடைய மிஷினுக்கு வாங்கினார். மிஷின் நன்றாக இருந்தது, ஆனால் சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையில் இல்லை. 1856-ல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம். கட்டத் தவறினால் மிஷின் திரும்பப் போய்விடும். கடன் வாங்கித் தொழில் செய்கிற நமக்கு இது புரியாத கதை இல்லை.

நம் நாட்டில் காந்தி பெரிய இயந்திரங்களை எதிர்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1924-ல் டில்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், "எல்லா இயந்திரமும் வேண்டாமா?" என்ற பொருளில் கேட்டார். காந்தி சிங்கர் தையல் மிஷினை விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அன்பினால் ஒருவர் செய்த பொருள் அது என்பது அவர் கருத்து. ராமச்சந்திரன் விடவில்லை. அந்த மிஷினைச் செய்யவே பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், அது அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. அந்த ராமச்சந்திரன்தான் பிற்பாடு 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து நம் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

1930-களிலேயே கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மிஷினைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கி, 1997-98-ல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. எங்கள் குழுவில் கறவை மாட்டுக்கு அடுத்தபடியாக மிஷினுக்குத்தான் கடன் கேட்டார்கள். கடனில் வாங்கியது, கல்யாணத்துக்குச் சீராக வந்தது, அரசு இலவசமாகக் கொடுத்தது, மாமியாரிடமிருந்து வந்த பழையது என்று இன்றைக்கும் நம் வீடுகளில் கால் மிஷின் ஓடுகிறது.

பெல்ட் செய்யும் வேலை

கீழே இருக்கும் பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மேலே கைச்சக்கரம் நாலைந்து சுற்று சுற்றும். இரண்டையும் இணைப்பது சுமார் 6 அடி நீளத்துக்கு உருண்டையான ஒரு தோல் பெல்ட். பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசாக இருக்கும். இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு ஒரு கம்பிக் கொக்கியால் சேர்த்திருப்பார்கள்.

அந்தச் சேர்மானம் ஏன் என்று நான் முதலில் யோசித்ததில்லை. பெல்ட் மேசைப் பலகையில் இருக்கும் இரண்டு துளைகள் வழியாக ஏறி இறங்குகிறது. முழு வளையமாக இருந்தால் உள்ளே மாட்டவே முடியாது. அதனால் எந்தப் பெல்ட்டாக இருந்தாலும் ஒரு இடத்தில் வெட்டிச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். அறுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வெயிலில் தோல் காய்ந்து வெடிக்கும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துத் தொய்யும். எண்ணெய் பட்டால் வழுக்கும்.

மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்தில் இருப்பவர்களுக்கு இதன் வலி தெரியும். பள்ளி திறப்பதற்குள் சீருடையைத் தைத்துக் கொடுக்க வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சாயங்காலம் பெல்ட் அறுந்தால் மறுநாள் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். பெல்ட்டின் விலையைவிடப் போய்வருகிற செலவும், போன கூலியும் அதிகம். மிஷின் நின்றால் கூலி நிற்கும், தவணை நிற்காது.

கிடைத்ததை வைத்து

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி பழைய மிஷின் ஒன்றைக் கடனில் வாங்கியிருந்தாள். ஏழு தவணை பாக்கி இருக்கும்போது பெல்ட் துண்டு துண்டாகப் போய்விட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "இது ரொம்பப் பழசும்மா, எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளும் பழைய இரும்புக்காரரிடம் விலை கேட்டுவிட்டாள்.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெசவுக்காரப் பாட்டி. சின்ன வயதிலிருந்து ராட்டையில் தார் சுற்றியவர். மிஷினைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுவும் ராட்டை மாதிரிதானே தாயி, பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைச் சுத்துது. கயித்தைப் போட்டா ஓடும்" என்றார்.

தறியில் மிஞ்சிய பருத்தி நூலைப் பல இழையாகச் சேர்த்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, நன்றாக முறுக்கேற்றினார். பிறகு இரண்டாக மடித்துவிட, அது தானாகவே முறுக்கிக்கொண்டு கயிறாகிவிட்டது. அதில் அம்மிக் குழவியைக் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். "இழுவ வேண்டியதெல்லாம் இப்பவே இழுவட்டும், அப்புறம் தொய்யாது" என்றார். காலையில் கயிற்றைத் துளைகள் வழியாக விட்டு, மிஷினிலேயே வைத்து அளவு பார்த்தார். முடிச்சுப் போடவில்லை. முடிச்சு கைச்சக்கரத்தின் பள்ளத்தில் ஏறும்போதெல்லாம் மிஷின் குதிக்கும், தையல் கோணும். இரண்டு முனையிலும் பாதி இழைகளை வெட்டி மெல்லிசாக்கி, 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊசியால் தைத்து, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றினார். வழுக்காமல் இருக்க சாக்பீஸ் தேய்த்தார். மிஷின் ஓடியது. அந்தக் கயிறு தேயத் தேய வேறு கயிறு போட்டு, ஏழு தவணையையும் அந்த மிஷினில் தைத்தே அவள் கட்டி முடித்தாள்.

மற்றவர்கள் செய்து பார்த்ததையும் எழுதிவிடுகிறேன், தேவைப்படும்போது உதவும்.

சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டிப் போட்டவர்கள் உண்டு. பிடிமானம் நன்றாக இருக்கும். ஆனால் ரப்பர் இழுபடும், மிதிக்கக் கனமாக இருக்கும், பட்டை பள்ளத்துக்குள் புரண்டுகொள்ளும். இரண்டு நாள் சமாளிக்கலாம்.

நைலான் கயிறு பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் வழுக்கும். மெழுகுவர்த்தியில் உருக்கி ஒட்டினால் ஒட்டிய இடம் கட்டியாகி, முடிச்சு மாதிரியே குதிக்கும்.

பழைய பருத்திச் சேலையைக் கிழித்துச் சடைபோலப் பின்னிப் போட்டால் அவசரத்துக்கு ஓடும். பின்னல் ஒரே தடிமனாக இருக்க வேண்டும்.

செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கேட்டு ஒரே சீரான தோல் வார் வெட்டி வாங்கி, குத்தூசியால் ஓட்டை போட்டு, பழைய கொக்கியையே மாட்டினால் கடை பெல்ட்டுக்கு அருகில் வரும்.

எதைப் போட்டாலும் அளவு முக்கியம். ரொம்ப இறுக்கினால் கால் வலிக்கும், மிஷினும் தேயும். தொய்வாக இருந்தால் கால் மிதிக்கும், ஊசி நிற்கும். தோல் பெல்ட் தொய்ந்தால் கால் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி கொக்கி போட்டால் போதும், புதுசு வாங்க வேண்டியதில்லை.

ஏன் எழுதி வைக்க வேண்டும்

இன்று பிளாஸ்டிக் பெல்ட்டும் கடையில் கிடைக்கிறது. பலர் மோட்டார் போட்டுவிட்டார்கள், அதற்கும் ஒரு பெல்ட் இருக்கிறது. ராமச்சந்திரன் அன்றைக்குக் கேட்டது சரியான கேள்விதான், மிஷினைச் செய்யத் தொழிற்சாலை வேண்டும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த மிஷினை நம் வீட்டில் வருஷக்கணக்கில் ஓட வைத்தது நம் கைதான். ராட்டைக் கயிறு திரித்த பாட்டிக்கு யாரும் பயிற்சிச் சான்றிதழ் கொடுக்கவில்லை. மிஷின் வாங்கியது நம் கடன் பதிவேட்டில் இருக்கிறது, அது நிற்காமல் ஓடிய கதை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சகோதரிகளே, தையல் குழு ஒவ்வொன்றிலும் ஒரு தோல் பெல்ட்டும் நாலு கொக்கியும் பொதுவில் வாங்கி வையுங்கள், தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்டு பிறகு வாங்கி வைக்கட்டும். உங்கள் ஊரில் ராட்டை சுற்றிய பெரியவர்கள் இருந்தால், ஒரு கூட்டத்துக்கு அழைத்துவந்து கயிறு திரிக்கச் சொல்லி, இளம் பெண்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அரை மணி நேரம் போதும்.