தொடர்நாடகத்தில் முக்கோணக் காதலும் நேயர் கணக்கும்

ஒரு கதையை ஒரே இருப்பிற் சொல்லி முடியாது நாடோறும் சிறிது சிறிதாக விரித்துரைத்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. திருக்கோயில்களிலே கந்தபுராணம் படிக்கும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக நிலவி வருவது. ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய அந்நூலைப் படித்து முடிக்கப் பல வாரங்கள் செல்லும். நாளை என்ன வரும் என்பது கேட்போர் யாவர்க்கும் முன்னரே தெரியும். எனினும் அவர்கள் வருவதை நிறுத்துவதில்லை. திருமணப் படலம் படிக்கும் நாளிலோ கூட்டம் பெருகும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் இந்நாட்டு வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனச் சுட்டியமை இவ்வழக்கத்தின் வலிமையை நன்கறிந்தே எனலாம்.

அப்புராணத்தின் இறுதியில் வருவது வள்ளியம்மை திருமணம். தெய்வயானையம்மையாரை மணந்த முருகப்பெருமான் தினைப்புனங்காத்த வள்ளியை நாடிச் செல்கின்றார். இங்கே ஒரு பிணக்குத் தோன்றற்கு இடமுண்டு. கச்சியப்ப சிவாசாரியாரோ அதற்கு இடம் வைத்தாரல்லர். இருவரும் முன்னர்த் திருமாலின் புதல்வியராயிருந்து தவஞ்செய்தவர் எனக் கூறி, தெய்வயானையார் வள்ளியை அன்புடன் தழுவி ஏற்றுக்கொண்டார் என்று கதையை இனிது நிறைவேற்றினார். நாட்டு மக்கள் அவ்வளவில் அமையவில்லை. வள்ளிக்கும் தெய்வயானைக்கும் ஏசற் பாட்டுக் கட்டி, ஒருவர் குலத்தை ஒருவர் இகழச் செய்து, அதனைக் கேட்டு மகிழ்ந்தனர். புலவர் மூடிய கதவை நேயர் மீண்டுந் திறந்துகொண்டனர். முக்கோணக் காதல் என இக்காலத்தார் வழங்கும் கதையமைப்புக்கும், அதிற் பக்கஞ்சேர்ந்து வாதிடும் நேயர் கூட்டத்துக்கும் தமிழில் இதனினும் பொருத்தமான முன்மாதிரி காண்டல் அரிது. கோவலன், கண்ணகி, மாதவி கதையும் உண்டே எனின், அது பிரிவிலும் சாவிலும் முடிவது. ஆண்டுக்கணக்காக நீட்டற்கு ஏற்றதன்று.

நீட்டுதலையே தொழிலாக்கியவர் அமெரிக்கர். 1930 ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்து வானொலி நிலையமொன்றில் ‘பெயின்ரட் டிறீம்ஸ்’ என்னும் நாடகம் பகற்பொழுதில் நாள்தோறும் ஒலிபரப்பாகத் தொடங்கிற்று. அதனை எழுதிய ஏர்னா பிலிப்ஸ் என்னும் அம்மையார் முன்னர் ஆசிரியத் தொழில் புரிந்தவர். ஆடவர் வேலைக்குச் சென்றபின் இல்லத்திலிருக்கும் பெண்டிரே அந்நாடகங்களின் நேயர். அவர்கள் வாங்கும் பொருள் சவர்க்காரமாதலின், புரொக்டர் அன்ட் காம்பிள் முதலிய சவர்க்காரக் கொம்பனிகள் செலவை ஏற்றன. ‘சோப் ஒப்பரா’ என்னும் பெயரும் அதனால் வந்தது. அவ்வம்மையார் 1937 இல் தொடக்கிய ‘கைடிங் லைற்’ 1952 இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டெம்பர் வரை நடைபெற்றது. எழுபத்திரண்டு ஆண்டுகள்! பாட்டி கேட்கத் தொடங்கிய கதையைப் பேர்த்தி பார்த்து முடித்தாள்.

கொம்பனி பணம் கொடுக்குமிடத்துக் கணக்கும் கேட்கும். எத்துணைப் பேர் கேட்டனர் என்பதை அறிதற்கு நீல்சன் என்னும் நிறுவனம் 1942 முதல் வானொலிப் பெட்டியோடு ஒரு பொறியைப் பொருத்திக் கணக்கெடுத்தது. 1950 இல் அம்முறை தொலைக்காட்சிக்கும் வந்தது. தொலைக்காட்சியுள்ள இல்லங்கள் நூறெனின், அவற்றுள் ஒன்று பார்த்தால் ஒரு புள்ளி. எல்லா இல்லங்களையும் எண்ணுதல் இயலாதாகலின், சில ஆயிரம் இல்லங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைக்கொண்டு ஏனைய கோடிகளை மதிப்பிடுவர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போன்றதே இது. எந்தச் சோற்றை எடுத்தனர், எந்தப் பானையினின்று எடுத்தனர் என்பதே வினா.

இக்கணக்குக் கதையை எவ்வாறு திருத்தும் என்பதற்கு ‘ஜெனரல் ஹொஸ்பிற்றல்’ நல்ல சான்று. 1963 இல் தொடங்கிய அந்நாடகம் 1970 களின் பிற்பகுதியில் நிறுத்தப்படும் நிலையை எய்தியது. குளோறியா மொன்ரி என்னும் தயாரிப்பாளர் பொறுப்பேற்று, லோரா, அவள் கணவன் ஸ்கொட்டி, இடையில் வந்த லூக் என்னும் மூவரின் கதையை முன்னிறுத்தினார். 1979 இல் லூக் லோராவைப் பலாத்காரஞ் செய்ததாகக் கதை சென்றது. நேயர்களோ லூக்கை வெறுத்தாரல்லர்; அவ்விருவரும் இணைதல் வேண்டுமென்றே விரும்பினர். எண்கள் ஏறின, எழுதுவோர் அக்கொடுமையை மெல்ல மெல்லக் காதலாக மாற்றினர். 1981 நவம்பர் 16, 17 ஆந் திகதிகளில் அவர்கள் திருமணம் காட்டப்பட்டபோது ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் பட்டப்பகலிற் பார்த்தனர். நவம்பர் விளம்பர விலையை நிருணயிக்கும் கணக்கெடுப்பு மாதம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1998 இலேதான் அந்நாடகம் பழைய குற்றத்தை மீண்டும் எடுத்து, அதனைக் குற்றமென்றே பேசிற்று. ஏசற் பாட்டுக் கட்டியவர் வெறும் வாய்ச்சண்டையையே கூட்டினர். ஈண்டு நேயர் விருப்பம் ஒரு பெண்ணுக்கிழைத்த தீங்கையே மறைத்துவிட்டது. இரண்டும் ஒன்றாகா.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் ஒருகாலத்திற் பெரும் புகழ் பெற்றிருந்தன. இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே கேட்கச் செய்தது. பின்னர்ச் சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக ஒலித்தது. சிக்காகோவிற் சவர்க்காரம் செய்த வேலையை இங்கு வங்கி செய்தது என்க. எஸ். ராம்தாசின் ‘கோமாளிகள்’ வானொலியில் பெற்ற வரவேற்பினால் 1976 இல் திரைப்படமாயிற்று. இவற்றுக்கு நீல்சன் பொறி இல்லை, தபாலட்டையே கணக்கு. தபாலட்டைக்கு ஒரு சிறப்புண்டு: எண்ணிக்கையோடு கருத்தையும் அது கொண்டுவரும். இந்தியாவிலும் 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை நடைபெற்ற ‘ஹம் லோக்’ என்னும் முதல் தொலைக்காட்சித் தொடர்க்கு நான்கு இலட்சம் வரையிற் கடிதங்கள் வந்தன என்பர். 156 பகுதிகளில் அதுவும் முடிந்தது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் வந்தது. ரூபவாகினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. யப்பானியத் தொடராகிய ‘ஓஷின்’ இந்நாட்டார் உள்ளத்தைக் கவர்ந்ததும் அதன் வழியே. ஆனால் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம், வானொலி நாடகம் போல் இங்கு வேரூன்றவில்லை. வேரூன்றற்குரிய காலத்திற் போர் வந்தது. 1990 இன்பின் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிக்கு உயிரூட்டிச் செய்தி கேட்டனர். செய்திக்கே மிதித்த கால்கள் நாடகத்துக்கு எவ்வளவு நேரம் மிதிக்கும்?

இவ்விடைவெளியிலேயே கடலுக்கப்பால் மற்றொன்று வளர்ந்தது. 1993 ஏப்ரிலிற் சென்னையிற் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1999 டிசம்பரில் ராதிகா நடித்த ‘சித்தி’ வந்தது; மாற்றாந்தாய் கொடியவள் என்னும் பழங்கதையை அது திருப்பி வைத்தது. 2002 இல் திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’, ஐந்து பெண்மக்களைப் பெற்ற தந்தையின் துயரைச் சொல்லி மூன்றாண்டுகளுக்கு மேலும் சென்றது. அமெரிக்கர் பகலில் வைத்ததைத் தமிழர் இரவிற்கும் கொண்டுவந்தனர். ஆகலின் ஆடவரும் பார்த்தனர், பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே. 2002 இற் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறக்கப்பட்டபின் தொலைக்காட்சிப் பெட்டியும் கிண்ண அன்ரனாவும் யாழ்ப்பாணத்துக்கு எளிதில் வந்து சேர்ந்தன. பாதை 2006 இல் மீண்டும் மூடப்பட்டது; நாடகங்கள் மூடப்படவில்லை.

2003 நவம்பரில் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 டிசம்பரில் நிறைவெய்தியது. 1,500 இற்கு மேற்பட்ட பகுதிகள். திருச்செல்வம் இயக்கத்திற் தேவயானி நடித்தார். அபி என்பாளின் தந்தைக்கு இரு குடும்பங்கள். அவளுக்கு நேர்ந்த பகைவன் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன். அவள் கணவனைப் பிரிந்தபின் அவளுக்குத் துணைநின்ற நண்பன் தொல்காப்பியன். அப்பாத்திரத்தில் நடித்தவர் இயக்குநரே. மேனாட்டு முக்கோணம் காதலன் காதலியளவில் நிற்க, தமிழ் முக்கோணம் அடுத்த தலைமுறைக்கும் கடன்போலச் செல்வதை இங்கே காணலாம். இது முற்றும் இழிந்த கதையன்று. கணவனைப் பிரிந்த பெண் தொழில் நடத்தித் தலைநிமிர்ந்து வாழலாம் என்பதைப் பல இல்லங்களின் கூடத்தில் இரவுதோறும் சொன்ன கதை அது. குறை அதன் நீளத்திலேதான். எண்கள் நிற்குமளவும் துயரமும் நின்றாக வேண்டும்; அழுகை தீர்ந்தால் விளம்பரமும் தீரும்.

அவ்வெண்கள் யாருடையவை? சென்னைத் தொடர்களின் புள்ளிகளை முன்னர் ‘ராம்’ என்னும் நிறுவனமும், 2015 முதல் ‘பார்க்’ என்னும் அமைப்பும் கணித்தன. கணக்குப் பொறி வைத்த இல்லங்கள் யாவும் இந்தியாவில் உள்ளவை. சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ ஒருவர் ஒரு நாளும் தவறாது பார்த்தாலும், அன்றி வெறுத்துப் பெட்டியை அணைத்தாலும், அபிக்கோ அவள் பகைவனுக்கோ அதனால் ஒன்றும் நேராது. தியாகராயநகர்ப் பட்டுக்கடை, நகைக்கடை விளம்பரங்கள் அவர்க்குமுன் ஓடின; வாங்குவோர் பட்டியலில் அவர் இல்லை. புராணபடனத்தில் பயன் சொல்லுவார் கேட்போர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இலங்கை வானொலி தபாலட்டையைப் படித்தது. ‘கோலங்கள்’ தொடங்கியது போர்நிறுத்த காலத்தில். முடிந்தது போர் முடிந்து ஏழாம் மாதத்தில். இடையில் இம்மண்ணில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றும் அத்தொடரில் நிழலாடவில்லை. ஆயினும் அக்காலமெல்லாம் இங்குள்ள இல்லங்களிலே அபியின் வழக்கு நாள்தோறும் பேசப்பட்டது.