காத்திருப்பின் நீதி
தந்தி, தொலைபேசி நெரிசலின் வரலாறு

செங்கற்பட்டிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பாலாற்றைக் கடந்து, படாளத்தை அடுத்து, மதுராந்தகத்துக்கு முன்னால் அமைந்த ஊர் கருங்குழி. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் பொருதிய காலத்தில் இவ்வூர்க் கோட்டை பலமுறை கைமாறியது. சென்னைக்கும் தென்னாட்டுக்கும் இடையே படை நடத்துவோர்க்கு இது வழியில் நின்ற காவல். பின்னர் இருப்புப்பாதையும் இவ்வழியே வந்தது. பாதையோரத்தில் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது அக்கால வழக்கம். ஆயினும், தலைக்கு மேலே கம்பி ஓடும் ஊர்க்காரர் எல்லாரும் அதன் வழியே பேசிவிட முடியவில்லை. கம்பிகள் சில, பேச விரும்பியோர் பலர். அந்தச் சிலவற்றைப் பலருக்கு எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்வியே செய்தித் தொடர்பு வரலாற்றின் பெரும் பகுதியாகும். அக்கேள்வி பொறியியலோடு நீதியையும் சார்ந்தது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

தந்தியும் இலக்கமும்

1855 பிப்ரவரியில் இந்தியாவில் தந்திப் பணி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி வழியே செய்தி போகலாயிற்று. அக்கரைச் சீமையில் கடை வைத்திருந்த நம் மரக்காயர், ராவுத்தர் வணிகர்களின் உலகை இது மாற்றியது. கப்பல் கொண்டுவரும் கடிதத்துக்குக் காத்திருந்த விலை நிலவரம் ஒரே நாளில் வந்து சேரும் நிலை பிறந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் மிகுதி. எனவே ஒரு சொல்லில் ஒரு வாக்கியத்தையே அடக்கும் குறிச்சொல் நூல்களை உலகெங்கும் வணிகர்கள் கையாண்டனர். பணத்தை மிச்சப்படுத்தவே அவர்கள் அவ்வாறு செய்தனர். எனினும் கம்பியின் சுமையும் அதனால் குறைந்தது.

அஞ்சல் தந்தித் துறையும் பின்னாளில் இதே வழியைக் கைக்கொண்டது. பெருநாளும் தீபாவளியும் வந்தால் தந்தி அலுவலகங்களில் வாழ்த்துகள் குவியும். அவற்றை எழுத்தெழுத்தாகத் தட்டினால் நெரிசல் தீராது. ஆகவே வாழ்த்து வாசகங்களுக்கு இலக்கமிட்டு ஒரு பட்டியல் வகுத்தனர். தீபாவளி வாழ்த்துக்கு 1. ‘ஈத் முபாரக்’ என்பதற்கு 2. அனுப்புபவர் இலக்கத்தைக் குறித்தால் போதும். கம்பியில் அந்த இலக்கமே போகும்; மறுமுனையில் அதற்குரிய வாசகத்தை வண்ணத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நம் இல்லங்களுக்கு வந்த எத்தனையோ பெருநாள் வாழ்த்துகள் கம்பியில் ‘2’ என்ற ஓர் இலக்கமாகவே பயணம் செய்தன என்பது இன்றைய இளைஞர்க்கு வியப்பாக இருக்கும்.

இறப்புச் செய்தி தாங்கிய தந்திகளுக்குத் தனி முன்னுரிமையும் இருந்தது. ஜனாஸாவைத் தாமதியாது அடக்கம் செய்யும் மரபுடைய நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். மகன் வந்து சேர்வதற்குள் தந்தையின் அடக்கம் முடிந்துவிடுமா, முகம் காண முடியுமா என்பதை ஒரு தந்தியின் வேகம் தீர்மானித்த காலம் அது. 2013 ஜூலையில் இந்தியத் தந்திப் பணி முடிவுற்றது. ஆனால் வாழ்த்தைச் சுருக்கி, சாவுச் செய்தியை முன்னால் விட்ட அதன் ஒழுங்கு மறக்கத்தக்கதன்று.

பதிவு செய்து காத்திருந்த காலம்

1882 ஜனவரி 28-இல் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஊருக்குள் பேசுவது எளிதாயிற்று. வெளியூர்ப் பேச்சோ நெடுங்காலம் வரை ‘டிரங்க் கால்’ என்ற பெயரில் ஒரு தவமாகவே இருந்தது. அஞ்சலகத்தில் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். ஆபரேட்டர் அதைச் சீட்டில் குறித்து வரிசையில் வைப்பார். கம்பி ஓய்ந்ததும் முறைப்படி அழைப்பார். மூன்று நிமிடம் ஓர் அளவு. குறிப்பிட்ட ஆள் கிடைத்தால்தான் பேசுவேன் என்போருக்குப் ‘பி.பி. கால்’.

இவ்வரிசையிலும் படிகள் இருந்தன: சாதாரணம், அவசரம், மின்னல். அவசரத்துக்குக் கட்டணம் கூடுதல். மின்னல் அழைப்புக்கோ பன்மடங்கு. பணம் மிகுதியாகச் செலுத்தியவர் முன்னே சென்றார். சாதாரண அழைப்புக்குப் பதிந்தவர் மணிக்கணக்கில் அஞ்சலகத் திண்ணையில் அமர்ந்திருந்தார். பண்டத்தின் விலை கேட்பவர் மின்னலாகப் பேச, நோயுற்ற தாயின் நிலை கேட்பவர் சாதாரணமாகக் காத்திருப்பதும் நிகழக்கூடியதே. நெரிசலைத் தீர்க்க விலை ஒரு கருவி. ஆனால் தேவையின் அளவை அது அறியாது.

எர்லாங் கண்ட கணக்கு

எத்தனை கம்பி இருந்தால் போதும்? இக்கேள்விக்குக் கணித விடை கண்டவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அக்னர் கிராரப் எர்லாங் (1878–1929). கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய அவர், அழைப்புகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதை 1909-இலும், எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதற்கான சூத்திரத்தை 1917-இலும் வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுதும் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங்.

அச்சூத்திரம் காட்டும் உண்மை ஒன்றைக் காண்போம். ஓர் ஊருக்கு 5 கம்பிகள். நெரிசல் மிக்க நேரத்தில் அவற்றின்மேல் வரும் சுமை இரண்டரை எர்லாங். அப்போது 100 அழைப்புகளில் ஏறத்தாழ 7 இடமின்றித் திரும்பும். அதே அளவுள்ள இரண்டு ஊர்கள் தம் கம்பிகளை ஒன்று சேர்த்து 10 கம்பிகளையும் பொதுவில் வைத்தால், சுமையும் 5 எர்லாங்காக இரட்டித்த போதிலும், திரும்பும் அழைப்புகள் 100-க்கு இரண்டுக்கும் குறைந்துவிடும். ஒரு கம்பியும் கூடுதலாக இழுக்காமலே, சேர்ந்திருப்பதால் மட்டும் விளைந்த நன்மை இது. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கமுடைய நமக்கு, கூட்டில் உள்ள பரக்கத்தை டென்மார்க்குக் கணிதர் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. எனினும் அவர் அதை எண்ணிக் காட்டினார்.

இக்கணக்கின் மறுபக்கம் கசப்பானது. சில கம்பிகளை மட்டுமே பெற்ற சிற்றூர், மாநகரத்தைப் போன்ற பணியைப் பெற வேண்டுமாயின், அதன் சுமைக்கு ஒப்பிடுகையில் கூடுதலான கம்பிகள் வேண்டும். நடைமுறையிலோ கம்பிகள் முதலில் நகரங்களுக்கே சென்றன. கருங்குழி போன்ற சாலையோர ஊர்கள் காத்திருந்ததன் காரணத்தில் கணிதமும் உண்டு, புறக்கணிப்பும் உண்டு.

இரவின் கட்டணம்

1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, ஆபரேட்டர் இன்றித் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூர் பேசும் எஸ்.டி.டி. முறை இந்தியாவில் முதன்முதலாக வந்தது. 1984-இல் தோன்றிய சி-டாட் நிறுவனம் நம் நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற சிறிய கிராமத் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. 1986-இல் கருநாடகத்தின் கித்தூரில் அது முதலில் இயங்கிற்று. பின்னர் மஞ்சள் நிறப் பலகை தாங்கிய எஸ்.டி.டி. சாவடிகள் சிற்றூர்தோறும் முளைத்தன.

சீட்டு வரிசை போயிற்று, நெரிசல் போகவில்லை. அந்தத் தடத்தின் இணைப்புகள் யாவும் உபயோகத்தில் உள்ளன என்று பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று ஒலிக்கும். அப்போது துறை கையாண்ட வழி, நேரத்துக்கேற்ற கட்டணம். பகலில் முழுக் கட்டணம். இரவு ஏற ஏறப் பாதி, மூன்றில் ஒன்று, கால் என இறங்கும். வளைகுடாவில் உழைக்கும் கணவரோடும் மகனோடும் பேச வேண்டிய நம் குடும்பங்கள் நெடுங்காலம் கடிதத்தையும், குரலைப் பதிந்தனுப்பும் ஒலிநாடாவையுமே நம்பியிருந்தன. சாவடிகள் வந்தபின் உள்நாட்டில் பேசுவோரும் கால் கட்டணத்துக்காக உறக்கத்தைத் துறந்து வரிசையில் நின்றனர். பகலின் சுமை இரவுக்கு மாறியது. அம்மாற்றத்தின் பாரத்தைத் தாங்கியவர் பகல் கட்டணம் கொடுக்க இயலாதவரே.

கைப்பேசிக் காலத்திலும் இதன் சாயலைக் கண்டோம். பெருநாள், தீபாவளி, புத்தாண்டு ஆகிய நாள்களில் சலுகைக் குறுஞ்செய்திகள் செல்லா எனக் கம்பெனிகள் அறிவித்தன. தந்தி அலுவலகம் வாழ்த்தைச் சுருக்கி நெரிசலைத் தணித்தது. இவர்களோ வாழ்த்துக்கு விலையேற்றித் தணித்தனர். நெரிசல் ஒன்றே, பங்கிடும் மனம் வேறு.

கணினி கற்ற அடக்கம்

1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஏறத்தாழ 400 கஜ தொலைவிலிருந்த இரு இடங்களுக்கிடையே வினாடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிய கணினிச் செய்தி, 40 பிட்டாகச் சரிந்தது. காரணம், பாதை அடைபட்டதும் ஒவ்வொரு கணினியும் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பியது. அனைவரும் ஒரே வேளையில் உரக்கக் கத்தினால் எவர் சொல்லும் கேளாதன்றோ! வான் ஜேக்கப்சன் என்பார் ஆராய்ந்து 1988-இல் வழி கூறினார்: மெல்லத் தொடங்கு; பாதை இடம் தரத் தரக் கூட்டு; அடைப்பைக் கண்டால் உடனே வெகுவாகக் குறைத்துக்கொள். காவலர் எவரும் இல்லை. அனுப்புவோர் தாமே அடங்குவதால் அனைவருக்கும் வழி பிறக்கிறது. இன்றைய இணையம் நிலைத்து நிற்பதற்கு இவ்வடக்கம் ஒரு முக்கியக் காரணம்.

பேரிடர் வேளையில் கையாளப்படும் முறை இன்னொன்று. இடருற்ற ஊரை நோக்கி வெளியிலிருந்து பாயும் அழைப்புகளை அளவோடு நிறுத்தி, அவ்வூரிலிருந்து எழும் அழைப்புகளுக்கு வழிவிடுவர். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் முதலிடம் தருவர். இங்கே முன்னுரிமையைத் தேவை வகுக்கிறது, பணப்பை வகுப்பதில்லை.

நபி ஸாலிஹ் (அலை) அவர்களின் வரலாற்றில் தண்ணீருக்கு முறை வகுக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. ஒரு நாள் ஒட்டகத்துக்கு, ஒரு நாள் மக்களுக்கு. வாயற்ற பிராணியின் பங்கை மறுத்த கூட்டம் அழிந்தது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் வாழும் உழவர்க்கும் இது புதிதன்று; தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினால்தான் கடைமடை வயலுக்கும் நீர் எட்டும். தலைமடைக்காரர் மதகை அடைத்துக்கொண்டால் ஏரி நிறைந்திருந்தும் பயனில்லை.

கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. இழை எத்தனை பெருகினும் அதை நிரப்பும் ஆசையும் பெருகவே செய்யும். ஆகவே பங்கீடு என்றும் தேவைப்படும். அதை வகுப்போர், திண்ணையில் காத்திருந்த அந்தக் கடைசி மனிதரின் அவசரத்தையும் கணக்கில் சேர்த்தால், அதுவே அறிவியலோடு அறம் கூடிய ஏற்பாடாகும்.