வீழ்ச்சியின் வலுவும் தேங்கும் நீரும்: மலையகத் தோட்ட நீர்த்தாங்கிகளில் நீர்ச்சுழற்சி

இலங்கையின் மத்திய மலைநாட்டில் குடிநீரின் தரம் ஆராயப்படும்போது கவனம் பெரும்பாலும் இரு முனைகளிலேயே நிலைகொள்கிறது: ஒன்று நீர் பிறக்கும் ஊற்றுக்கண், மற்றது அது வந்து விழும் பீலி. இவ்விரண்டுக்கும் இடையே, தேயிலைச் சரிவின் மேட்டில் கட்டப்பட்ட சீமெந்துத் தாங்கிக்குள் நீர் கழிக்கும் மணித்தியாலங்கள் ஆய்வுக்கு உட்படுவது அரிது. அத்தாங்கிக்குள் நீர் ஒழுங்காகக் கலக்காவிட்டால், தூய ஊற்றிலிருந்து வந்த நீரும் பாதுகாப்பற்றதாக மாறக்கூடும் என்பதையும், கலக்கத் தேவையான ஆற்றலை மலைச்சரிவே இலவசமாக வழங்குகையில் இன்றைய குழாய் அமைப்பு அதை வீணாக்குகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. தாங்கியின் அன்றாட இயக்கம்

கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், 1,200 மீற்றருக்கு மேல் அமைந்த ஹட்டன் பகுதியிலும், தோட்டக் குடியிருப்புகளுக்கான நீர் பெரும்பாலும் புவியீர்ப்பு முறையிலேயே வருகிறது. காட்டோரத்து ஊற்றில் மறிக்கப்படும் நீர் குழாய்வழி இறங்கித் தாங்கியை அடைந்து, அங்கிருந்து லயன்களின் பீலிகளுக்குப் பகிரப்படுகிறது. நகரத் தாங்கிக்கும் தோட்டத் தாங்கிக்கும் இடையே பயன்பாட்டு நேரத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கொழுந்தெடுப்போர் காலையில் பெரட்டுக்குச் செல்லும் முன்னும் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பிய பின்னும் தேவை உச்சத்தை எட்டுவதால், எஞ்சிய நேரமெல்லாம் தாங்கி நிரம்பியே இருக்க, இடைவிடாது வரும் ஊற்றுநீர் வழிவுக் குழாயினூடாகக் கானுக்குள் போய்ச் சேர்கிறது.

வரவுக் குழாயும் வழிவுக் குழாயும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கும் தாங்கிகளில், புதிதாக வரும் நீரின் ஒரு பகுதி, உள்ளே தேங்கியிருப்பதோடு கலக்காமலே குறுக்குவழியில் வெளியேறிவிடுகிறது. எதிர்மூலைகளில் உள்ள நீரோ நகராமல் முதுமையடைகிறது. ஒரு துளி நீர் தாங்கிக்குள் நுழைந்து வெளியேறும் வரையிலான காலத்தை நீரியலாளர் நீரின் வயது என்பர். சராசரி வயது குறைவாக இருக்கும் தாங்கியிலும் சில மூலைகளில் அது பல நாட்களாக நீளலாம் என்பதால், சராசரியை மட்டும் கொண்டு ஒரு தாங்கியை மதிப்பிடுவது ஏமாற்றத்திலேயே முடியும்.

இந்நிலையில் குளோரின் இடும் முறையும் சிக்கலைக் கூட்டுகிறது. மூடியைத் திறந்து வெளிற்றும் தூளின் கரைசலை ஒரே இடத்தில் ஊற்றும் வழக்கம் உள்ள தாங்கிகளில், ஊற்றிய இடத்தைச் சுற்றி அளவுக்கு மிஞ்சிய செறிவும், தேங்கிய மூலைகளில் வெறுமையும் ஒரே வேளையில் நிலவக்கூடும். நெடி தாங்காது பீலி நீரைத் தவிர்த்து ஓடையை நாடும் குடும்பமும், குளோரின் அறவே இல்லாத நீரை நம்பிக் குடிக்கும் குடும்பமும் ஒரே தாங்கியின் பயனாளிகளாக இருப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

2. படையாக்கமும் உந்தமும்

நீரின் அடர்த்தி வெப்பநிலைக்கேற்ப மாறுகிறது. 15 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் நீர் 999.1 கிலோகிராம் நிறையுடையது. 18 பாகையில் அது 998.6 கிலோகிராமாகக் குறைகிறது. அரைக் கிலோகிராம் வேறுபாடு அற்பமாகத் தோன்றினும், மெதுவாக நகரும் நீரில் அதுவே அடுக்குகளைப் பிரித்து நிறுத்தப் போதுமானது. நண்பகல் வெயிலில் சூடேறிய மேல்நீர் மிதந்து நிற்க, ஊற்றிலிருந்து வரும் குளிர்ந்த நீர் அடியில் தாழ்ந்து பரவும் இந்நிலையே படையாக்கம் எனப்படும். மலைநாட்டில் வெயில் பகலுக்கும் பனி இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு அதிகமாக உள்ள மாதங்களில், திறந்த மேட்டில் நிற்கும் சிறிய தாங்கிகள் இதற்கு எளிதில் ஆளாகின்றன.

படைகளைக் குலைக்க வல்லது உள்வரும் நீரின் உந்தம், அதாவது பாயும் அளவும் வேகமும் சேர்ந்த தள்ளுவிசை. லூயிஸ் ரோஸ்மன், வோல்டர் கிரேமன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட மாதிரித் தாங்கி ஆய்வின்படி, முழுக் கலப்புக்கு ஆகும் நேரம் தாங்கிக் கொள்ளளவின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு நேர்விகிதத்திலும், உந்தப் பாய்வின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. விகித மாறிலி ஏறத்தாழ 10.2 ஆகும். பாயும் அளவு மாறாதிருக்கையில் இந்நேரம் குழாய்வாயின் விட்டத்துக்கு நேர்விகிதமாகும் என்பது இதிலிருந்து பெறப்படும் முக்கியமான முடிவு.

எடுத்துக்காட்டாக, 50 கன மீற்றர் கொள்ளளவுள்ள தாங்கிக்குள் வினாடிக்கு 2 லீற்றர் நீர் வருவதாகக் கொண்டால், 100 மில்லிமீற்றர் குழாய்வாயில் கலப்புக்கு ஏறத்தாழ 100 நிமிடமும், 50 மில்லிமீற்றரில் 50 நிமிடமும், 25 மில்லிமீற்றரில் 25 நிமிடமும் தேவைப்படும். இக்கணக்கு படையாக்கம் இல்லாத நிலைக்கே பொருந்தும். படையாக்கத்தை எதிர்க்கும் திறனைக் காட்டும் பிரௌட் எண், அதாவது பாய்ச்சலின் வேகத்துக்கும் அடர்த்தி வேறுபாட்டால் எழும் எதிர்ப்புக்கும் இடையிலான விகிதம், மேற்கூறிய 3 பாகை வேறுபாட்டில் 100 மில்லிமீற்றர் வாய்க்கு ஏறத்தாழ 11 ஆக இருக்க, 25 மில்லிமீற்றர் வாயில் 32 மடங்கு உயர்கிறது. அகன்ற வாயால் நுழையும் நீர் அடியில் சோர்ந்து படுத்துவிடும் சூழலில், ஒடுங்கிய வாயால் நுழையும் நீர் முழு ஆழத்தையும் கிளறிவிடும் என்பதே இதன் பொருள்.

25 மில்லிமீற்றர் வாயில் பாயும் வேகத்துக்கு ஆகும் செலவு, வினாடிக்கு சுமார் 4 மீற்றருக்குரிய நீர்மட்ட உயரம், அதாவது 0.85 மீற்றர் மட்டுமே. சமவெளி நகரங்களில் இதற்குப் பம்பியும் மின்சாரமும் வேண்டும். ஊற்று தாங்கிக்கு வெகு மேலே இருக்கும் மலைச்சரிவிலோ இவ்வுயரம் பன்மடங்காகக் கிடைக்கிறது. ஆயினும் அழுத்தந் தணிக்கும் தொட்டியிலும், நீர்மட்டத்துக்கு மேலிருந்து கொட்டும் வரவுக் குழாயிலும் அது ஓசையாகவும் நுரையாகவும் அழிகிறது. வரவுக் குழாயை நீருக்குள் இறக்கி, ரிடியூசர் பொருத்தி வாயை ஒடுக்கி, குளிர்நீர் எழும்பிச் செல்லுமாறு மேல்நோக்கிச் சாய்த்து, வெளியேற்றுக் குழாயின் திசையிலிருந்து விலக்கி வைப்பது ஒரு குழாய் பொருத்துநரின் சிறு வேலை. வரவு நின்று குழாய் காலியானால் தாங்கி நீர் அதன்வழி பின்வாங்காதிருக்கத் தடுப்பு வால்வு ஒன்றும் தேவைப்படும்.

மிதவை வால்வு பொருத்திய தாங்கிகளில், நிரம்பிய நிலையில் அது சிறுகச் சிறுகத் திறந்து சொட்டாக நீரை விட்டால் உந்தமே எஞ்சாது. ஆகவே மட்டம் கணிசமாகத் தாழ்ந்தபின் முழுதாகத் திறந்து, நிரம்பியதும் முழுதாக மூடும் ஏற்பாடும், ஒருமுறை நிரப்பும் நேரம் கலப்பு நேரத்தைவிட நீண்டிருத்தலும் இன்றியமையாதவை.

3. தொடுகை நேரம் என்னும் முரண்

நன்கு கலக்கும் தாங்கியில் புதிதாக நுழைந்த நீரின் ஒரு பகுதி உடனே வெளியேறவும் கூடும். குளோரின் கிருமிகளை அழிக்கக் குறைந்தது 30 நிமிடத் தொடுகை வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குளிரில் இவ்வழிப்பு மந்தமாகி, 10 பாகை குறைவுக்குத் தொடுகைத் தேவை சுமார் இருமடங்காவதால், நுவரெலியாவின் குளிரில் இம்முரணை அலட்சியப்படுத்த இயலாது. இதற்கான தீர்வு பணிகளைப் பிரிப்பதே: தடுப்புச் சுவர்களிடையே நீர் வளைந்து செல்லும் சிறு முன்தொட்டியில் தொடுகையும், பிரதான தாங்கியில் கலப்பும் நிகழ வேண்டும். மேற்கண்ட பாய்வில் 30 நிமிடத்துக்கு 3.6 கன மீற்றர் போதுமெனினும், குளிரையும் குறுக்கோட்டத்தையும் கருதி அதன் இருமடங்கு கொள்ளளவு பொருத்தமாகும்.

4. மறுப்புகள்

கலப்பு அடிமண்டியைக் கிளறி மாசைப் பரப்பாதா என்னும் வினா நியாயமானது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சுமார் 1,100 பேர் வாழ்ந்த கிடியன் என்ற சிற்றூரில் 1993இன் இறுதியில் சல்மொனெல்லா தொற்று பரவி 7 பேர் இறந்தனர். பறவைகள் புகுந்து மாசுபட்ட தாங்கியின் நீர், வெப்பநிலை திடீரென வீழ்ந்ததால் மேல்கீழாகப் புரண்டிருக்கலாம் என்றும், அதைத் தொடர்ந்து குழாய்களைக் கழுவியபோது அந்நீர் ஊருக்குள் இழுக்கப்பட்டது என்றும் ஆய்வாளர் விளக்கினர். இந்நிகழ்விலிருந்து கலப்புக்கு எதிரான முடிவைப் பெற முடியாது. நீண்டகாலம் பிரிந்து நின்ற நீர் ஒரே நாளில் புரள்வதே ஆபத்து. நாள்தோறும் கலக்கும் தாங்கியில் அத்தகைய புரள்வுக்கு இடமில்லை. ஆனால் மண்டியை அகற்றுதல், மூடியை இறுக்குதல், வழிவுக் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் வலையிடுதல் ஆகியவை கலப்புக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

ஊற்றுக்கு மேலே தேயிலைக்கு உரமும் களைநாசினியும் இடப்படும்போது தாங்கியைப் பற்றிப் பேசுவது முதன்மைச் சிக்கலை மறைப்பதாகும் என்பது மற்றொரு மறுப்பு. நீரேந்துப் பகுதியைக் காப்பதற்கு மாற்று எதுவுமில்லை என்பதை ஏற்றுக்கொண்டே, அதற்குரிய நிலவுரிமைப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, ஒரு நாளில் செய்யக்கூடியதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமில்லை என இங்கு பதிலளிக்கலாம்.

5. பொறுப்பும் அளவீடும்

தோட்டத் தாங்கி யாருடைய பொறுப்பு என்பது வரலாற்றுச் சிக்கல். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவையாற்றுவதற்குத் தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்டக் கம்பனி, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 2014இல் உருவான தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் எனப் பல கைகள் இருந்தும், தாங்கியின் உட்புறத்துக்குப் பொறுப்பான கை எது என்பது பல இடங்களில் தெளிவாகவில்லை.

அளவீடு அப்பொறுப்பைத் தொடக்கிவைக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பீலியில் எடுக்கும் மாதிரி அந்த நேரத்து நீரை மட்டுமே காட்டும். கயிற்றில் கட்டி இறக்கப்படும் வெப்பமானியாலும் மாதிரிப் போத்தலாலும் தாங்கியின் மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களில் வெப்பநிலையையும் எச்சக் குளோரினையும் காலையிலும் நண்பகலிலும் அளந்தால், படையாக்கம் இருப்பதை அரை மணி நேரத்தில் அறியலாம். மட்டங்களுக்கிடையே வேறுபாடு தென்படும் தாங்கிகளில் குழாய்வாயைத் திருத்தி மீண்டும் அளப்பதும், அளவுகளை லயன் மக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டிவைப்பதும் பிரதேச சபைகளின் வருடாந்த வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மலைகளில் உழைத்துவரும் சமூகத்துக்கு, நகரவாசி பெறும் அதே தரத்தில் குடிநீர் கிடைக்க வேண்டும் என்பது உரிமை சார்ந்த கோரிக்கை. அதன் ஒரு பகுதியை நிறைவேற்றத் தேவையான ஆற்றல் ஏற்கெனவே அவர்களின் தாங்கிக்கு மேலுள்ள குழாயில் இருக்கிறது.