கட்டத்திற்குள் மருத்துவம்

பக்தாதின் மருத்துவர் இப்னு ஜஸ்லா (இறப்பு கி.பி. 1100) இயற்றிய 'தக்வீமுல் அப்தான்' நோய்களைக் கட்டங்களில் அடுக்கிய நூல். நோயின் பெயர், அது வரும் வயது, பருவம், காரணம், அடையாளம், சிகிச்சை என ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில் அமையும். வானியலாரின் கோள் அட்டவணையே இதற்கு முன்மாதிரி. அவருக்கு முன்பே இப்னு புத்லான் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா'வை இம்முறையில் தந்திருந்தார். நீண்ட உரையிலிருந்து முடிவை மட்டும் பிரித்தெடுக்கும் இவ்வேட்கை கணினி யுகத்தில் வேறு வடிவம் கொண்டதை நாம் காண்கிறோம்.

1989இல் நியூயார்க் மாநிலத்தின் ஆர்டன் ஹோம்ஸ்டெட்டில் ஆய்வாளர்கள் கூடினர். சால்ட் லேக் சிட்டியிலும் இண்டியானாபொலிஸிலும் மருத்துவமனைக் கணினிகள் ஏற்கனவே மருத்துவரை எச்சரித்து வந்தன. ஆயினும் ஓரிடத்து விதியை மற்றோரிடம் எடுத்தாள வழியில்லை. அதற்கெனப் பிறந்த பொதுமொழியே 'ஆர்டன் சின்டாக்ஸ்'. ஏ.எஸ்.டி.எம். என்னும் தர அமைப்பு 1992இல் அதனை ஏற்றது.

விதியின் அமைப்பு எளியது. டிகாக்சின் உட்கொள்பவரின் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும். ஆகவே ஆய்வக முடிவு வந்ததும் விதி இயங்கத் தொடங்கும், மருந்துப் பட்டியலை நோக்கும், அளவை ஒப்பிடும், மருத்துவருக்குச் செய்தி அனுப்பும். தர்க்கம் எங்கும் ஒன்றே. ஆனால் அந்தப் பொட்டாசியம் குறிப்பிட்ட மருத்துவமனையின் கணினியில் எங்கே, எப்பெயரில் பதிவாகியுள்ளது? அதனை மொழி வரையறுக்கவில்லை. சுருள் அடைப்புக்குறிக்குள் அவரவர் நிரப்பிக்கொள்ள விட்டுவிட்டது. துறையினர் இதனை 'அடைப்புக்குறிச் சிக்கல்' என்றே அழைக்கலாயினர். பகிர்வதற்கென்றே படைத்த விதியை ஒவ்வோரிடத்தும் திருத்த வேண்டியதாயிற்று. இதனை அலட்சியம் என நாம் கருதவில்லை. பதிவுகளுக்குப் பொதுப்பெயர் வழங்காத காலத்தில் வேறு வழி அரிது. (இப்னு ஜஸ்லாவுக்கு இத்தொல்லை இருந்திராது, அவருடைய கட்டத்திற்கும் நோயாளிக்கும் இடையே ஒரு ஹகீம் இருந்தார்.)

ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 1998இல் வெளியிட்ட 'கிளிஃப்', ஒற்றை எச்சரிக்கையைக் கடந்து வழிகாட்டுநெறி முழுவதையும் படிப்படியான பாதையாக வரைந்தது. அவ்வரைபடம் மனிதருக்குப் புரிந்தது. கணினி இயக்குவதற்கான நுணுக்கம் தொடக்கத்தில் போதவில்லை.

உண்மையான இடர் இதைவிட ஆழமானது என்பது நம் எண்ணம். நெறி வகுப்போர் 'தேவையெனில்', 'கடுமையாக இருப்பின்' என எழுதிச் செல்லும் இடத்தில் நிரலர் ஓர் எண்ணை இட்டாக வேண்டும். அவர் மருத்துவர் அல்லர். அவ்வெண்ணோ ஒருவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் முன்வைத்த 'ஸ்மார்ட்' வழிகாட்டுநெறி முறை, உரைக்கும் நிரலுக்கும் நடுவே தனியொரு படியை வைத்துள்ளது. சொற்களின் பொருளையும் தரவின் பெயரையும் முடிவெடுக்கும் அளவையும், நிரல் எழுதப்படும் முன்னரே, மருத்துவம் அறிந்தோர் அங்கே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.