நாலு ஏஸுக்கு மேலே ஒரு கை

போக்கரில் எந்தக் கை பெரியது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எது வருவது அரிதோ, அதுவே பெரியது. 52 சீட்டில் ஐந்து சீட்டு 25,98,960 விதமாக அமையும். ஒரே ஒரு ஜோடி மட்டும் உள்ள கை 10,98,240. நாலு சீட்டு ஒரே எண்ணாக வருவது வெறும் 624.

இந்த வரிசை ஒரே நாளில் வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் ஆடிய கட்டில் 20 சீட்டுதான்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நாலு பேருக்கு ஆளுக்கு ஐந்து, கட்டு காலி. நாலு ஏஸ் கிடைத்தவரை வெல்ல வழியே இல்லை. தோற்கவே முடியாதவர் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனால், அது ஆட்டமா, கொள்ளையா?

பிறகு 52 சீட்டு வந்தது. ஐந்தும் ஒரே இனமான ஃபிளஷும், ஐந்தும் வரிசையான ஸ்ட்ரெயிட்டும் சேர்ந்தன. இரண்டும் ஒன்றாக அமைவது ஸ்ட்ரெயிட் ஃபிளஷ். நம் ரம்மியில் ‘ஒரிஜினல்’ என்போமே, அதுபோல. 40 விதமாக மட்டுமே வரும் இதை நாலு ஏஸுக்கும் மேலே வைத்தார்கள். இதிலும் உச்சமான ராயல் ஃபிளஷ் நாலு இனத்திலும் உண்டு. இனங்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. அதை வைத்திருப்பவர்கூட, பணம் முழுதும் தனக்கே என்று சத்தியம் செய்ய முடியாது.